தாமான் வீட்டுல இருந்தாலும் பிள்ளைங்கள லயத்துப் பிள்ளைங்க மாதிரி வளர்க்கலாம்

எங்க ஊரு மலேசியாவுல, சிலாங்கூர்ல இருக்குற பெஸ்தாரி ஜெயா, ஆனா வேன் ஓட்டுறவர்ல இருந்து சாமான் கடைக்காரர் வரைக்கும் எல்லாருக்கும் அது இன்னும் பழைய பேருல பத்தாங் பெர்ஜுந்தைதான். சுத்தி செம்பனை (எண்ணெய்ப்பனை), அங்கங்க பழைய ஈய லோம்போங் (ஈயம் தோண்டி விட்ட குட்டை), நடுவுல ஒரு கடைவீதி, அவ்வளவுதான் ஊரு. இங்க கல்யாணம் ஆகி முதல் பிள்ளை பொறந்த உடனே எல்லார் வீட்லயும் கிளம்புற பேச்சு ஒண்ணே ஒண்ணுதான், "பிள்ளை படிப்புக்காக ரவாங் பக்கம் போயிடலாமா, ஷா ஆலாம் போயிடலாமா"ன்னு. வேலை அங்க இருந்தா போங்க, அது வேற கணக்கு. ஆனா பிள்ளை நல்லா வளரணும்ங்கிற ஒரே காரணத்துக்காக தோட்டத்து டவுனை விட்டு ஓட வேண்டிய அவசியம் இல்லன்னு நான் நினைக்கிறேன், இங்க இருக்குற சில விஷயம் கோலாலம்பூர்ல மாசம் ஆயிரம் வெள்ளி கூட கொடுத்தாலும் கிடைக்காது. அதை எப்படிப் பயன்படுத்துறதுன்னுதான் இத எழுதுறேன்.

தோட்டத்துல இருந்தப்ப பிள்ளைய யாரும் தனியா வளர்க்கல. விடியக்காலை பெரட்டுக்கு (வேலைக்குப் பேரு கூப்பிடுற இடத்துக்கு) போற அம்மா கைப்பிள்ளைய ஆயாக்கொட்டகையில விட்டுட்டுப் போவாங்க, பெரிய பிள்ளை தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் (1923 தொழிலாளர் சட்டத்துலயே பத்து பிள்ளை இருந்தா தோட்ட முதலாளி பள்ளிக்கூடம் வைக்கணும்னு இருந்துச்சு, வச்ச பள்ளிக்கூடம் எப்படி இருந்துச்சுங்கிறது வேற கதை), சாயங்காலம் எந்த வீட்டு வாசல்ல பிள்ளை நின்னாலும் அந்த வீட்ல அதுக்கு ஒரு வாய் சோறு உண்டு, தப்பு பண்ணா அந்த வீட்லயே ஒரு அதட்டலும் உண்டு. லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) சம்பளம் குறைச்சல், தண்ணிக்கு வரிசை, கூரை ஒழுகும், அதையெல்லாம் நான் பெருமை பேசல. அந்தக் காலமே நல்ல காலம்னு சொல்றவங்க பாதிப்பேரு அந்த லயத்துல ராத்திரி குடிச்சிட்டு நடந்த சண்டையை மறந்துட்டுப் பேசுறாங்க. ஆனா ஒரு பிள்ளைய பத்து கண்ணு பாத்துச்சு, அது மட்டும் உண்மை.

இப்ப தோட்டம் வித்து, துண்டு போட்டு, எல்லாரும் தாமானுக்கு (டவுன் குடியிருப்புக்கு) வந்தாச்சு. வீட்டுக்கு வீடு கிரில், கேட்டு, பூட்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளை பேரு தெரியாம ரெண்டு வருஷம் இருக்குறவங்க இருக்காங்க. ஆனா ஆளு மாறல பாருங்க, லயத்துல இருந்த அதே பாட்டி, அதே மாமா, அதே பெரியம்மாதான் மூணாவது ரோட்ல இருக்காங்க. அந்தப் பத்து கண்ண நாமளாவே திரும்பச் சேர்க்கணும், தானா வராது.

அஞ்சு வீட்டைப் பிடிங்க

முதல் வேலை இதுதான், மத்ததெல்லாம் இதுக்கப்புறம். உங்க ரோட்ல அஞ்சு வீட்ட தேர்ந்தெடுங்க, அதுல ஒண்ணாவது பகல்ல ஆள் இருக்குற வீடா இருக்கணும், ஒண்ணாவது மலாய்க்காரங்க வீடோ சீனவங்க வீடோ இருந்தா ரொம்ப நல்லது ஏன்னா தீபாவளிக்கு நாம ஊருக்குப் போனா அவங்க இருப்பாங்க, நோன்புப் பெருநாளுக்கு அவங்க பாலேக் காம்போங்னு சொந்த ஊருக்குப் போனா நாம இருப்போம். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு கூச்சப்படுறவங்களுக்கு, சும்மா "ஹலோ ஹலோ"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தா ஒண்ணும் நடக்காது, ஒரு தட்டு அனுப்புங்க. ஞாயித்துக்கிழமை இடியாப்பம் அவிச்சீங்கன்னா பிள்ளை கையில ஒரு டப்பா குடுத்து விடுங்க, நீங்க போகாதீங்க, பிள்ளையவே அனுப்புங்க. டப்பா எப்பவும் காலியா திரும்பி வராது நம்ம ஊர்ல. ரெண்டு தடவை போயிட்டு வந்தா பிள்ளைக்கு அந்த வீடு தெரிஞ்ச வீடு, அவங்களுக்கும் இது தெரிஞ்ச பிள்ளை. அதுக்கப்புறம் நீங்க வேலை முடிஞ்சு வர லேட் ஆனா, மழை பிடிச்சுக்கிட்டா, பிள்ளை நிக்கிறதுக்கு ஒரு இடம் இருக்கு.

அப்புறம் அந்த அஞ்சு வீட்டுக்கும் வாய் திறந்து ஒரு அனுமதி குடுக்கணும். "அக்கா, என் பிள்ளை ரோட்ல மோட்டார் வர்றது பாக்காம ஓடுச்சுன்னா நீங்க தாராளமா அதட்டலாம், நான் கோவிச்சுக்க மாட்டேன்"ன்னு. இத சொல்லலன்னா யாரும் அதட்ட மாட்டாங்க, இப்ப எல்லாருக்கும் பயம், ஒரு வார்த்தை சொன்னா அம்மாக்காரி சண்டைக்கு வந்துருவான்னு. அதட்டலாம், அடிக்கக் கூடாது, அத தெளிவா பேசிக்கங்க. இன்னொரு பக்கம் அவங்க வந்து உங்க பிள்ளையப் பத்தி ஒரு குறை சொன்னா அந்த நிமிஷமே "என் பிள்ளை அப்படிச் செய்யாது"ன்னு கொடி பிடிக்காதீங்க. ஒருக்கா அப்படிச் சொன்னீங்கன்னா அந்தக் கண்ணு மூடிக்கும், அதுக்கப்புறம் உங்க பையன் லோம்போங்ல குதிச்சாலும் வந்து சொல்ல மாட்டாங்க.

கைப்பிள்ளைய பாத்துக்க ஆளு தேடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம ஊர்ல பாதிப்பேரு பாட்டிமார்கிட்டதான் விடுறோம், அது நல்லதுதான், ஆனா காசு வாங்கிக்கிட்டு 4 வயசுக்குக் கீழ 4 பிள்ளை அல்லது அதுக்கு மேல பாத்தா அது தாஸ்கா (பிள்ளை பராமரிப்பு மையம்) கணக்குல வரும், ஜே.கே.எம்-ல (சமூகநல இலாகா) பதிவு பண்ணணும். பதிவு இருக்கான்னு கேக்குறதுல தப்பில்ல. கேட்டா முகம் சுளிக்கிறவங்ககிட்ட விடாதீங்க. அதே மாதிரி 7 வயசுப் பிள்ளைகிட்ட 2 வயசுப் பிள்ளைய விட்டுட்டு பாசார் மாலாம் (ராத்திரிச் சந்தை) போயிட்டு வர்றது, அது சின்ன விஷயம் இல்ல, 2001 சிறுவர் சட்டத்துல சரியான கண்காணிப்பு இல்லாம பிள்ளைய விட்டுட்டுப் போறதே குத்தம்.

காகிதம்

இது யாருக்கும் பிடிக்காத பகுதி, ஆனா தோட்டத்துல பொறந்தவங்களுக்கு இது எவ்வளவு பெரிய தலைவலின்னு நமக்குத்தான் தெரியும். பேரு எழுத்துப் பிழை, அப்பா பேரு இல்ல, சூராட் பெரானாக்கே (பிறப்புப் பத்திரம்) இல்ல, இப்படி எத்தனை பேரு நம்ம சொந்தத்துலயே. தீபகற்பத்துல பிள்ளை பொறந்த 60 நாளுக்குள்ள பதிவு பண்ணிருங்க, அதுக்கு மேல போனா தாமதப் பதிவு, சாட்சி, கடிதம், அலைச்சல். அதுக்கும் முன்னாடி ஒண்ணு, கோயில்ல தாலி கட்டி சாப்பாடு போட்டாச்சு, ஊரே வந்துச்சுன்னு நினைச்சுக்கிட்டு ஜே.பி.என்-ல (தேசியப் பதிவு இலாகா) கல்யாணத்தைப் பதிவு பண்ணாம இருக்குறவங்க இன்னும் இருக்காங்க. 1982 மார்ச்சுல இருந்து இஸ்லாம் அல்லாதவங்க கல்யாணத்துக்கு ஒரே சட்டம்தான், பதிவு இல்லன்னா சட்டத்துக்கு அது கல்யாணமே இல்ல. அப்படி இருக்குறப்ப பிள்ளைக்கு குடியுரிமை அம்மா பக்கம் பாத்துதான் வரும், அம்மா வெளிநாட்டுக்காரங்களா இருந்துட்டா அந்தப் பிள்ளை பாடு திண்டாட்டம், பள்ளிக்கூடத்துல சேக்குறதுல இருந்து ஆஸ்பத்திரி பில் வரைக்கும் எல்லாத்துலயும் இடிக்கும். உங்க தம்பியோ தங்கச்சியோ இந்த வருஷம் கல்யாணம்னா, மண்டபம் புக் பண்றதுக்கு முன்னாடி இத கேளுங்க.

எல்லாக் காகிதமும் ஒரே ஃபைல்ல, வெள்ளம் வந்தா எட்டாத உயரத்துல. 12 வயசானா மைகாட் (அடையாள அட்டை) எடுக்கணும், அதையும் லீவு வரட்டும் லீவு வரட்டும்னு தள்ளாதீங்க.

கிளினிக்கும் சோறும்

கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க சுகாதார கிளினிக்) தர்ற பிள்ளை ரெக்கார்ட் புக்க பத்திரமா வைங்க, 6 வயசு வரைக்கும் அதான் பிள்ளையோட ஜாதகம். பொறந்த உடனே பி.சி.ஜி., ஹெபடைட்டிஸ் பி, அப்புறம் 2, 3, 5 மாசத்துல ஆறு நோய்க்கு சேத்து ஒரே ஊசி, அத 18 மாசத்துல ஒருக்கா திரும்பப் போடுவாங்க, 4, 6, 15 மாசத்துல நியூமோகோக்கல், 9-லயும் 12-லயும் எம்.எம்.ஆர். குடிமக்கள் பிள்ளைங்களுக்கு எல்லாம் இலவசம். வாட்சாப்ல வர்ற "தடுப்பூசி போட்டா பிள்ளைக்கு பேச்சு வராது" பஞ்சாயத்தெல்லாம் நம்பாதீங்க, சந்தேகம்னா அங்க இருக்குற நர்ஸ்கிட்டயே கேளுங்க, திட்ட மாட்டாங்க, திட்டினாலும் பதில் சரியா சொல்லுவாங்க.

சோத்துல எனக்கு ஒரு பெரிய மனத்தாங்கல் இருக்கு. நம்ம பிள்ளைங்க ஒண்ணு ரொம்ப ஒல்லி, இல்லன்னா ரொம்ப குண்டு, நடுவுல கம்மி. 2019-ல எடுத்த தேசிய சுகாதார ஆய்வுல 5 வயசுக்குக் கீழ இருக்குற பிள்ளைங்கள்ல 5-ல ஒண்ணு வயசுக்கு ஏத்த உயரம் இல்லாம இருந்துச்சு, அது இந்தியப் பிள்ளை மட்டும் இல்ல, நாடு முழுக்க. வயிறு நிறையுது, சத்து சேரல, அதான் விஷயம். காலையில கட்டிப்பால் கலந்த தேத்தண்ணியில ரெண்டு பிஸ்கட், அதுக்குப் பேரு பசியாறல் இல்ல. கட்டிப்பால்ல இருக்குறது பெரும்பாலும் சீனி, அத பால்னு நினைச்சு கைப்பிள்ளைக்கு கலக்கிக் குடுக்காதீங்க. முதல் 6 மாசம் தாய்ப்பால் மட்டும். அப்புறம் பெரிய செலவு ஒண்ணும் வேண்டாம், ஒரு முட்டை, கெம்போங் மீன் குழம்பு, பருப்பு, தெம்பே பொரியல், வேலியோரத்துல நிக்கிற முருங்கைக்கீரை. சால்மன் வாங்கணும்னு யூடியூப்ல சொல்றவங்க பேச்சக் கேட்டு பெருமூச்சு விடாதீங்க, பாசார்ல விக்கிற கெம்போங் மீன்லயே நல்ல சத்து இருக்கு.

பள்ளிக்கூடத்துல இலவசமா தர்ற ஆர்.எம்.தி. சாப்பாட்டுக்கு உங்க பிள்ளை பேரு வந்துச்சுன்னா வெக்கப்படாதீங்க. "நாங்க என்ன கஞ்சிக்கு இல்லாதவங்களா"ன்னு பேரை எடுக்கச் சொன்ன அப்பா ஒருத்தர எனக்குத் தெரியும், அந்த வீராப்பு பிள்ளை வயித்துல இருந்துதான் போச்சு.

விளையாட விடுங்க, ஆனா இத சொல்லிட்டு விடுங்க

நம்ம ஊருக்கு இருக்குற பெரிய சொத்தே இதுதான், இடம். தோட்டத்துத் திடல் இன்னும் இருக்கு, கோல் போஸ்ட்ல வலை இல்ல, புல்லு ஒரு பக்கம் மொட்டை, ஆனா திடல். அஞ்சரைக்கு வெயில் இறங்கினதும் பிள்ளைய வெளிய தள்ளுங்க, ஏழு மணிக்கு கூப்பிடுங்க. என்ன விளையாடணும்னு நீங்க திட்டம் போடாதீங்க. பந்து, பாண்டி, சடுகுடு, ஒண்ணும் இல்லன்னா செம்பனை மட்டையில உக்காந்து மேட்டுல இருந்து சறுக்கும், அதுங்களே கண்டுபிடிக்கும். சண்டை வந்தா ரத்தம் வராத வரைக்கும் உள்ள போகாதீங்க, அதுங்க அஞ்சு நிமிஷத்துல சேந்துரும், பெரியவங்க உள்ள போனாத்தான் ரெண்டு குடும்பம் ஆறு மாசம் பேசாம இருக்கும்.

சொல்ல வேண்டியதுல முதல்ல லோம்போங். வெளியில இருந்து பாத்தா குளம் மாதிரி அமைதியா இருக்கும், கரையில இருந்து ரெண்டு எட்டு வச்சா திடீர்னு ஆழம், அடியில சேறு, கரை மண்ணு சரியும், ஏறவும் பிடி கிடைக்காது. நீச்சல் தெரிஞ்ச பையனே மாட்டிக்குவான். "போகாதே"ன்னு மட்டும் சொன்னா பையனுங்க கட்டாயம் போவானுங்க, அதனால நீங்களே ஒரு நாள் கூட்டிக்கிட்டுப் போய் கரையில நின்னு ஒரு நீளக் கழியை உள்ள விட்டுக் காட்டுங்க, எங்க அடி தட்டுது, எங்க தட்டவே இல்லன்னு பிள்ளையே பாக்கட்டும். அதோட இன்னொண்ணு சொல்லிக் குடுங்க, கூட்டாளி தண்ணியில விழுந்துட்டா பின்னாலயே குதிக்கக் கூடாது, கழியோ கயிறோ காலி பாட்டிலோ தூக்கிப் போட்டுட்டு பெரியவங்கள கத்திக் கூப்பிடணும், 999 அடிக்கணும். காப்பாத்தப் போயி ரெண்டாவது பிள்ளையும் போற கதை இந்த நாட்டுல அடிக்கடி பேப்பர்ல வருது.

அடுத்தது செம்பனைக் காடு. அங்க எலி அதிகம், எலி தின்ன பாம்பு வரும், அதுக்குத்தான் சில தோட்டத்துல மரப்பெட்டி வச்சு ஆந்தை வளர்க்குறாங்க எலிய பிடிக்க (பிள்ளைங்களுக்கு அந்த ஆந்தைப் பெட்டிய காட்டுங்க, ரொம்பப் பிடிக்கும்). சப்பாத்து இல்லாம உள்ள போகக் கூடாது, பழம் விழுந்து குவிஞ்ச இடத்துலயும் மட்டை அடுக்குலயும் கை விடக் கூடாது. பாம்பு கடிச்சா கீறுறது, உறிஞ்சுறது, மந்திரிக்கிறது ஒண்ணும் வேணாம், கடிச்ச கை காலை ஆட்டாம வச்சு நேரா ஆஸ்பத்திரி. எலி மூத்திரத்துல இருந்து வர்ற காய்ச்சலும் சாதாரணம் இல்ல, கால்ல புண்ணு இருந்தா மழைத் தண்ணி ஓடுற லொங்காங்குல (கால்வாய்) இறங்க விடாதீங்க.

டெங்கிய பத்தி எல்லாருக்கும் தெரியும்னு நினைப்பீங்க, தெரியுது, ஆனா செய்யுறதில்ல. முட்டையில இருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதனாலதான் வாரத்துக்கு ஒருக்கா பத்து நிமிஷம்னு சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை காலையில பிள்ளைங்களையே போலீஸாக்குங்க, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், சாமி மேடையில இருக்குற தண்ணிச் செம்பு, ஃபிரிட்ஜ் பின்னாடி தட்டு, புழு கண்டுபிடிச்சா 50 சென்னு. காய்ச்சல் வந்தா பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் தொடாதீங்க. அப்புறம் முக்கியமானது, காய்ச்சல் இறங்குற நேரம்தான் டெங்கியில ஆபத்தான நேரம். "ஆ, காய்ச்சல் விட்டுருச்சு"ன்னு நாம சந்தோஷப்படுறப்பதான் வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், பிள்ளை சோந்து படுக்குறது, இதுல ஒண்ணு பாத்தாலும் கிளினிக் இல்ல, நேரா பெரிய ஆஸ்பத்திரி.

ஃபோன்

ரெண்டு வயசுக்குக் கீழ திரையே வேண்டாம், நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொல்லிட்டாங்க, சொல்லிட்டுப் போயிட்டாங்க, ரெண்டு ஷிப்ட் பாத்துட்டு வர்ற அம்மா என்ன பண்ணுவா. நான் சொல்றது சுலபமா செய்யக்கூடியது மட்டும். சோறு ஊட்டுறப்ப ஃபோன் குடுக்காதீங்க, பழகிட்டா ஃபோன் இல்லாம வாயே திறக்காது. ராத்திரி ஃபோன் எல்லாம், உங்களோடதும் சேத்து, ஹால்ல சார்ஜ்ல. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு 9 மணி நேரத்துக்குக் குறையாம தூக்கம் வேணும், காலையில அஞ்சரைக்கு எழுப்பணும்னா எட்டரைக்குப் படுக்கணும், ஆமா, சீரியல் முடியுறதுக்கு முன்னாடியே. கம்ப்யூட்டர் வேலைக்கு, பக்கத்துல நாடி மையம் இருந்தா அங்க கூட்டிக்கிட்டுப் போங்க, முன்ன அத புசாட் இன்டர்நெட்னு சொல்லுவாங்க, கம்ப்யூட்டர் இருக்கு, லைனும் இருக்கு, பாதி நாளு காலியாத்தான் கிடக்கு.

ஃபோனுக்கு பதிலா பிள்ளை என்ன செய்யும்னு கேப்பீங்க. வேலையில சேத்துக்கங்க. எங்க ரோட்ல ஒரு பாட்டி செம்பனை ஓலையில லீடி எடுப்பாங்க, விளக்குமாத்துக்கு. சாயங்காலம் அஞ்சஞ்சு ஓலையா மடியில வச்சு கத்தியை ஒரு இழு இழுத்தா ஈர்க்கு மட்டும் நீளமா கையில நிக்கும், பச்சை இலை சுருண்டு கீழ விழும். பேத்திக்கு கத்தி கிடையாது, அது வேலை நீளம் பாத்து அடுக்குறதும் எண்ணுறதும், குட்டையானதை தனியா எடுத்து வச்சிரும், தரையில தட்டித் தட்டி அடியை சமமாக்கும், நூறு ஆனதும் ரப்பர் போட்டுட்டு "பாட்டி ஒரு கட்டு"ன்னு கத்தும். நடுவுல பாட்டி பழைய கதை சொல்லுவாங்க, கிராணி (தோட்டத்துக் கணக்கர்), தண்டல் (மேற்பார்வையாளர்), பேய் எல்லாம் வரும். அந்தப் பிள்ளைக்கு பத்துப் பத்தா, நூறு நூறா எண்ணுறதை யாரும் தனியா சொல்லிக் குடுக்கல.

பள்ளிக்கூடம்

தமிழ்ப்பள்ளியா, கெபாங்சானா (மலாய் வழி தேசியப் பள்ளி), சீனப்பள்ளியான்னு சண்டை போட நான் வரல, என் பிள்ளைங்க தமிழ்ப்பள்ளி, எனக்கு அதுல ரெண்டாவது யோசனை இல்ல. ஆனா தமிழ்ப்பள்ளியில போட்டவங்க ஒரு விஷயத்துல முழிச்சிருக்கணும், மலாய். தேர்ச்சி பத்தலன்னா ஃபார்ம் ஒன்னுக்கு (இடைநிலைப் பள்ளி முதல் வருஷம்) முன்னாடி ஒரு வருஷம் பெராலிஹான் (புகுமுக) வகுப்பு, கூட்டாளியெல்லாம் முன்னாடி போயிருவாங்க, அங்கதான் நிறைய பையனுங்க மனசு விட்டுப் போயி பள்ளிக்கூடத்தை விட்டே போறானுங்க. மலாய் பேச டியூஷன் வேண்டாம், முதல்ல சொன்ன அஞ்சு வீட்டுல மலாய்க்கார வீடு ஒண்ணு இருந்தா போதும், திடல்ல கூட விளையாடுற பையன்கிட்டயே பாதி மலாய் வந்துரும். எழுதுறதுக்குத்தான் உக்கார வைக்கணும்.

ஆறாம் வகுப்பு சோதனை யு.பி.எஸ்.ஆர். 2021-ல எடுத்துட்டாங்க, மூணாம் பாரத்து பி.டி.3 2022-ல எடுத்துட்டாங்க, அதுக்கப்புறம் பிள்ளைக்கு பெரிய சோதனைன்னா ஃபார்ம் ஃபைவ் எஸ்.பி.எம்.தான்னு ஆயிருச்சு. 17 வயசு வரைக்கும் பெரிய ரிசல்ட் எதுவும் வராதுன்னா பெத்தவங்களுக்கும் ஒண்ணும் தெரியாது. அதனால வருஷத்துல தர்ற பி.பி.டி. (வகுப்பறை மதிப்பீடு) ரிப்போர்ட்ட சும்மா கையெழுத்துப் போட்டு அனுப்பாதீங்க, அதுல தி.பி. (தேர்ச்சி நிலை) 1-ல இருந்து 6 வரைக்கும் போட்டிருக்கும், 3-தான் குறைஞ்சபட்சம். 1, 2 வந்த பாடத்துக்கு உடனே டீச்சர போய் பாருங்க. சண்டைக்குப் போகாதீங்க, "வீட்ல நான் என்ன செய்யணும் டீச்சர்"னு கேளுங்க, அப்படிக் கேக்குற அம்மா அப்பாவ டீச்சர் மறக்கவே மாட்டாங்க. எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயசுல தினமும் பத்து நிமிஷம் உங்ககிட்ட சத்தமா படிக்கட்டும், உங்களுக்குத் தமிழ் படிக்க வராதுன்னாலும் பரவால்ல, உக்காந்து கேளுங்க, கேக்க ஆளு இருக்குன்னு தெரிஞ்சா பிள்ளை படிக்கும்.

ஸ்கூல் தொடங்குறப்ப தர்ற 150 வெள்ளி உதவிய சப்பாத்து, உடுப்புக்கு மட்டும் வைங்க, மத்த கடனுக்கு அத காட்டாதீங்க.

பையனுங்க பதிமூணு வயசு ஆனப்புறம்

இந்த இடத்துலதான் நம்ம ஊரு பெத்தவங்க வாய மூடிக்கிறோம். கேங் பிரச்சனை இருக்கு, இல்லன்னு நடிக்க முடியாது. பையன் எதுக்கு அந்தப் பக்கம் போறான்னு பாத்தீங்கன்னா அங்க அவனுக்கு ஒரு பேரு இருக்கு, ஒரு அண்ணன் இருக்கான், "டேய் வாடா"ன்னு கூப்பிட ஆளு இருக்கு. அத நாம முன்னாடியே குடுக்கணும். உறுமி மேளக் குழு, ஃபுட்பால் டீம், கோயில் திருவிழாவுக்கு பந்தல் போடுற கூட்டம், எது வேணா இருக்கட்டும், ஆனா அங்க பொறுப்பான பெரியவரு ஒருத்தரு இருக்காரான்னு நீங்களே போய் பாத்துட்டு விடுங்க. உறுமின்னாலே ரவுடிங்கன்னு சொல்ற ஆளுங்களோட எனக்கு ஒத்துப்போகாது, வாரத்துல மூணு ராத்திரி தப்பாம பயிற்சிக்குப் போறவன் கையில தழும்பு ஏற ஏற புத்தியும் நிக்கும், ஆனா பயிற்சி முடிஞ்சு பதினோரு மணிக்கு அவன் எங்க நிக்கிறான்ங்கிறது உங்க கவலை. மோட்டார்சைக்கிள் லைசென்ஸ் 16 வயசுக்குத்தான், "கடைக்குத்தானே"ன்னு 13 வயசுப் பையன்கிட்ட சாவி குடுக்குற அப்பாங்கள பாத்தா எனக்கு பத்திக்கிட்டு வரும்.

திடீர்னு புது ஃபோன், புது சப்பாத்து, காசு எங்கேருந்துன்னு கேட்டா கோவம், பேரு தெரியாத அண்ணனுங்க வாசல்ல ஹாரன் அடிக்கிறது, இதெல்லாம் பாத்தா அடிச்சுத் திருத்தலாம்னு இறங்காதீங்க, அடி வாங்குன பையன் நேரா அந்த அண்ணன்கிட்டதான் போவான். அவன் மதிக்கிற ஒரு மாமாவையோ கோச்சையோ பழைய வாத்தியாரையோ பேச வைங்க. அந்த ஆளை இப்பவே, பையன் எட்டு வயசா இருக்குறப்பவே, தேடி வச்சுக்கங்க.

ரோத்தான் (பிரம்பு) எல்லார் வீட்லயும் தொங்குது, தெரியும். நான் சொல்றதெல்லாம், கோவத்துல கை ஓங்குற நேரம் பிள்ளைக்குப் புத்தி சொல்ற நேரம் இல்ல, அடுப்படிக்குப் போய் தண்ணி குடிச்சிட்டு வாங்க. வீட்ல குடிச்சிட்டு அடி உதைன்னா, பிள்ளையோ நீங்களோ பயந்துக்கிட்டு இருந்தா, தாலியான் காசே உதவி நம்பர் 15999, இருபத்திநாலு மணி நேரமும் எடுப்பாங்க. பக்கத்து வீட்ல நடந்தாலும் நீங்க அந்த நம்பருக்கு ஃபோன் பண்ணலாம்.

சேந்து சந்தோஷமா இருக்க காசு அதிகம் வேண்டாம்

மாசத்துல ஒரு நாளை வீட்டுக்குன்னு ஒதுக்குங்க, மால் போகாதீங்க. நம்ம சிலாங்கூர் ஆத்தோரமாவே போனா கம்போங் குவாந்தான், ராத்திரி சம்பான்ல (சின்னப் படகு) போய் பெரெம்பாங் மரத்துல மின்மினி பாக்கலாம், அமாவாசை பக்கமா, மழை இல்லாத நாளா பாத்து வார நாள்ல போங்க, கூட்டம் இருக்காது, பூச்சியும் நல்லாத் தெரியும், ஃபோன் டார்ச் அடிக்கக் கூடாதுன்னு பிள்ளைங்ககிட்ட முன்னாடியே சொல்லிருங்க. கோலா சிலாங்கூர்ல புக்கிட் மெலாவாத்தி ஏறினா பழைய பீரங்கி, 1907-ல கட்டுன கலங்கரை விளக்கம், கூட்டமா வெள்ளிக் குரங்கு. வீட்ல இருந்தே புளிச்சாதம் கட்டிக்கிட்டுப் போனா பெட்ரோல் காசோட முடிஞ்சிரும், ஆனா குரங்கு முன்னாடி பொட்டலத்த பிரிக்காதீங்க. செக்கிஞ்சான் வயல் பச்சையா இருக்குற மாசம் போனா பிள்ளைங்க நெல்லு எங்கேருந்து வருதுன்னு பாக்கும், இப்ப நம்ம பிள்ளைங்களுக்கு அரிசி லோட்டஸ் கடையில விளையுது.

திருவிழா வந்தா பிள்ளைக்கு ஒரு வேலை குடுங்க, வேடிக்கை பாக்க மட்டும் கூட்டிக்கிட்டுப் போகாதீங்க. தண்ணிப் பந்தல்ல கப்பு அடுக்கட்டும், பூ கட்டட்டும், சாப்பாட்டுப் பந்தியில உப்பு வைக்கட்டும். தீபாவளிக்கு முறுக்கு பிழியுறப்ப அச்ச பிள்ளை கையில குடுங்க, கோணலா வந்தா அதுவே அதோட முறுக்கு, பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக்கு அத தனியா டப்பாவுல போட்டுக் குடுத்து விடுங்க.

கடைசியா ஒரே ஒரு வேலை, இந்த மாசமே செய்யக்கூடியது. பி.ஐ.பி.ஜி. (பெற்றோர் ஆசிரியர் சங்க) கூட்டமோ ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கத்து சங்க) கூட்டமோ எது முதல்ல வருதோ அதுக்குப் போங்க, கணவன் மனைவியில ஒருத்தராவது. பேச வேண்டாம், பதவி கேக்க வேண்டாம், கோத்தோங் ரோயோங்குக்கு (எல்லாரும் சேந்து செய்யுற துப்புரவு வேலைக்கு) பேரு எழுதுறப்ப கைய தூக்குங்க, புல்லு வெட்டுற இடத்துலதான் மத்த பெத்தவங்க பழக்கமாவாங்க. கூட்டம் ஒன்பது மணின்னு கடிதத்துல போட்டிருந்தா ஒன்பதே முக்காலுக்குத்தான் தொடங்கும், பிள்ளைய கூட்டிக்கிட்டுப் போறீங்கன்னா தண்ணி பாட்டிலும் ரெண்டு ரொட்டியும் கையோட எடுத்துக்கங்க.